ஒப்பந்தம் இங்கே, மனசு அங்கே: சைக்கிள் அணிகளுக்கிடையே வீரர்கள் மாறுவது எப்படி?

டிசம்பர் மாதம் ஸ்பெயினின் கால்பே, டெனியா பக்கம் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். ஐரோப்பாவின் தொழில்முறை சைக்கிள் அணிகள் பலவும் அடுத்த சீசனுக்கான பயிற்சி முகாமை அங்கேதான் போடும். ஒரே ஜெர்சியில் ஒரு கூட்டம் மலையேறிக்கொண்டிருக்கும். நடுவில் நாலைந்து பேர் மட்டும் ஒட்டாமல் தெரிவார்கள். ஒருவர் பழைய அணியின் ஜெர்சியில் இருப்பார், இன்னொருவர் எந்த ஸ்பான்சர் பெயரும் இல்லாத மொட்டைச் சட்டையில். பயிற்சி புது அணியோடு, சம்பளம் பழைய அணியிடமிருந்து. ஜனவரி 1 விடிந்ததும் அதே ஆட்கள் புது ஜெர்சியில் எடுத்த படங்களை வரிசையாக இணையத்தில் போடுவார்கள்.

காரணம் எளிது. இந்த விளையாட்டில் ஒப்பந்த ஆண்டு ஜனவரி 1-இல் தொடங்கி டிசம்பர் 31-இல் முடிகிறது. கடைசிப் பெரிய பந்தயங்கள் அக்டோபரிலேயே முடிந்துவிட்டாலும் அந்த இரண்டரை மாதமும் வீரர் பழைய அணியின் ஆள்தான். புது அணி முகாமுக்குப் போவதே பழைய அணி பெரிய மனது பண்ணி அனுமதித்தால்தான். ஒப்பந்தத்தை ஒழுங்காக முடித்துவிட்டுப் போகிறவருக்கே இவ்வளவு சம்பிரதாயம். ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போதே கிளம்ப நினைப்பவர் கதை வேறு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவரைப் பற்றியது.

யார் யாரோடு ஒப்பந்தம் போடுகிறார்கள்?

முதலில் அணி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கால்பந்து கிளப்புக்கு ஒரு ஊர் இருக்கும், மைதானம் இருக்கும், டிக்கெட் வருமானம் இருக்கும். சைக்கிள் அணிக்கு இவை எதுவும் கிடையாது. பந்தயம் பொதுச்சாலையில் நடக்கிறது, பார்ப்பவர்கள் இலவசமாகப் பார்க்கிறார்கள். தொலைக்காட்சி உரிமைப் பணம் பந்தயம் நடத்துபவர்களுக்குப் போகிறது. டூர் டி பிரான்ஸ் நடத்தும் ஏஎஸ்ஓ நிறுவனம் அதை அணிகளோடு பங்கிட்டுக்கொள்வதில்லை. டூர் வென்றவருக்குக் கிடைக்கும் பரிசுப் பணமே 5 லட்சம் யூரோதான். அதையும் சக வீரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். ஆக, அணி முழுக்க ஸ்பான்சர் பணத்தில் ஓடுகிறது. ஸ்பான்சர் பெயரே அணியின் பெயர். அவர் விலகினால் பெயரும் போகும், பல நேரம் அணியும் போகும்.

ஆனால் வீரர் கையெழுத்துப் போடுவது ஜெர்சியில் உள்ள பெயரோடு அல்ல. பின்னால் ஒரு நிறுவனம் இருக்கும், ஒப்பந்தம் அதோடுதான். டீம் ஸ்கை என்று உலகம் அழைத்த அணிக்குப் பின்னால் இருந்தது டூர் ரேசிங் லிமிடெட் என்ற நிறுவனம். சாதாரண ரசிகருக்கு இது தேவையில்லாத விவரம். ஒரு வழக்கு வந்துவிட்டால் இதுவே எல்லாம். ஸ்பான்சர் மாறினாலும் நிறுவனம் அதே என்றால் ஒப்பந்தமும் அதேதான்.

உலக சைக்கிள் சங்கமான யூசிஐ, சுவிட்சர்லாந்தின் எய்க்ல் நகரில் இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு ஒரு மாதிரிப் படிவம் வைத்திருப்பது, குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அதன் வேலை. ஆண்களின் மேல்தட்டு அணிகளில் அந்தக் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 40,000 யூரோவுக்கு மேல். பெண்களின் மேல்தட்டு அணிகளுக்கு இப்படியொரு வரம்பே 2020-இல்தான் வந்தது, அதுவும் 15,000 யூரோவில் தொடங்கி. முதல்முறை தொழில்முறைக்கு வரும் இளம் வீரருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு ஒப்பந்தம் தர வேண்டும் என்றும் விதி உண்டு. முதல் ஆண்டு சொதப்பினால் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. எனக்குத் தெரிந்து இந்த விளையாட்டின் நல்ல விதிகளில் இது ஒன்று.

காகிதத்தில் இல்லாததுதான் பெரும்பாலான சண்டைக்கு வித்து. சம்பளம், போனஸ், காப்பீடு எல்லாம் எழுத்தில் இருக்கும். "அடுத்த வருஷம் ஜிரோவில் (இத்தாலியின் மூன்று வாரப் பந்தயம்) நீதான் தலைவர்" என்பது பெரும்பாலும் ஒரு அறையில் சொல்லப்பட்ட வாய்வார்த்தை. ஒரு அணியில் எட்டுப் பேர் போய் ஒருவருக்காக உழைக்கும் விளையாட்டு இது. யார் அந்த ஒருவர் என்ற கேள்வியில் மனக்கசப்பு வந்தால், சம்பளம் எவ்வளவு ஏறினாலும் ஆறாது.

ஆகஸ்ட் 1 என்ற சடங்கு

ஒப்பந்தம் முடியப்போகும் வீரர் வேறு அணிக்குப் போவதை ஆகஸ்ட் 1-க்கு முன்னால் அறிவிக்கக் கூடாது. ஜூலை முழுக்க டூர் டி பிரான்ஸ் நடக்கும்போது, யார் எங்கே போகிறார் என்பது ஊரறிந்த ரகசியமாகவே இருக்கும். அணி பஸ்களுக்கு நடுவே ஏஜென்ட்டுகள் நடந்துகொண்டிருப்பார்கள். பத்திரிகையாளர்கள் பெயரோடு எழுதிவிடுவார்கள். கேட்டால் வீரர் சிரித்துக்கொண்டே "இப்போது பந்தயத்தில்தான் கவனம்" என்பார். ஆகஸ்ட் 1 காலை எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் அறிவிக்கும். விதியின் நோக்கம், ஜூலையில் பழைய அணியின் ஸ்பான்சர் முகத்தில் கரி பூசாமல் இருப்பது. அந்த அளவுக்கு வேலை செய்கிறது. பேரத்தை அது தடுக்கிறது என்று யாரும் நம்ப வேண்டாம்.

ஒப்பந்தம் முடிந்து போகிறவருக்குப் பழைய அணிக்கு யாரும் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. அவரைப் பத்து வருடம் வளர்த்திருந்தாலும் சரி. சின்ன அணிகளுக்கு இது நியாயமான ஆதங்கம். ஆளைக் கண்டுபிடித்து, விழுந்து எழக் கற்றுக்கொடுத்து, நிமிர்ந்து நிற்கும் நேரத்தில் பெரிய அணி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும்.

பாதியில் கிளம்பினால்

இப்போது சிக்கலான பகுதி. ஒரு வீரரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 10 லட்சம் யூரோ, ஒப்பந்தம் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு இருக்கிறது. இந்த ஆண்டு மூன்று வாரப் பந்தயம் ஒன்றில் முதல் ஐந்துக்குள் வந்துவிட்டார். வேறொரு அணி 25 லட்சம் தரத் தயார். இவர் போக ஆசைப்படுகிறார்.

கால்பந்தில் இதற்குப் பழகிய பாதை இருக்கிறது. விலை பேசி ஆளை விற்பார்கள். 2017-இல் நெய்மருக்காக பிஎஸ்ஜி 22.2 கோடி யூரோ கொடுத்தது. சைக்கிளில் அப்படி ஒரு சந்தை நிலைபெறவில்லை. விதிப்படி பழைய அணி, புது அணி, வீரர் என மூன்று தரப்பும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், யூசிஐயும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய அணி "முடியாது" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், சட்டப்படி விஷயம் அங்கேயே நிற்க வேண்டும்.

ஆனால் நிற்பதில்லை. ஏனென்றால் பழைய அணியும் கணக்குப் போடும். பிடித்து வைத்தால் 20 லட்சம் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மனசு விட்டுப்போனவர் என்ன ஓட்டுவார்? சைக்கிளில் ஒருவர் உண்மையிலேயே முழு மூச்சாக மிதிக்கிறாரா, ஒப்புக்கு மிதிக்கிறாரா என்று வெளியே இருந்து நிரூபிக்கவே முடியாது. விட்டால் அந்த 20 லட்சம் மிச்சம். கூடவே புது அணியிடம் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் அக்டோபரில் அந்தத் தரத்தில் மாற்று வீரர் யாரும் சந்தையில் இருக்க மாட்டார். பணம் இருந்தும் ஆள் கிடைக்காது. இந்த மூன்றையும் தராசில் வைத்து இரு தரப்பும் ஒரு தொகைக்கு வருவார்கள். அதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. தொகையும் வெளியே வருவது அபூர்வம். சில ஒப்பந்தங்களில் மட்டும் "இவ்வளவு கொடுத்தால் போகலாம்" என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். டூர் சாம்பியன் தாதே பொகச்சார் 2024-இல் யூஏஇ அணியோடு 2030 வரை நீட்டித்தபோது, அந்தத் தொகை 20 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. அது விலை அல்ல, "கிட்டே வராதே" என்ற பலகை.

இந்த வழியைப் பெரிய அளவில் திறந்துவிட்டது பிராட்லி விகின்ஸ் விவகாரம் என்று சொல்லலாம். 2009 டூரில் அவர் கார்மின் அணிக்காக நான்காவதாக வந்தார் (மூன்றாவதாக வந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் பிறகு ஊக்கமருந்துக்காக நீக்கப்பட்டதும் மூன்றாவது). 2010-க்கும் கார்மினோடு ஒப்பந்தம் இருந்தது. அதே 2010-இல் பிரிட்டனின் டீம் ஸ்கை களமிறங்கத் திட்டமிட்டிருந்தது. பிரிட்டிஷ் அணிக்குப் பிரிட்டிஷ் நட்சத்திரம் இல்லாமல் எப்படி? மாதக்கணக்கில் இழுபறி. கார்மின் தரவே மாட்டோம் என்றது. டிசம்பரில் தொகை சொல்லாத ஒரு சமரசத்தோடு விகின்ஸ் ஸ்கைக்குப் போனார். 2012-இல் அந்த ஜெர்சியில்தான் டூர் வென்றார்.

அதற்குப் பிறகு இது பழகிவிட்டது. டாம் துமுலான் 2021 வரை ஒப்பந்தம் இருந்தும் 2020-லேயே சன்வெப்பிலிருந்து யும்போ-விஸ்மாவுக்கு மாறினார். பிரிமோஷ் ரொக்லிச் அதே யும்போவிலிருந்து 2024-க்கு போரா அணிக்கு. ரெம்கோ எவனெபூல் 2026 வரை இருந்த ஒப்பந்தத்தை ஓராண்டு முன்னதாக முடித்துக்கொண்டு ரெட் புல்-போராவுக்குப் போவது 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. எல்லாவற்றிலும் அறிக்கை ஒரே மாதிரி இருக்கும்: "பரஸ்பர சம்மதத்துடன்". அந்த இரண்டு வார்த்தைக்குள் எத்தனை வக்கீல் கடிதங்கள் அடங்கியிருக்கும் என்பது அவரவர் கற்பனைக்கு.

சம்மதம் வராதபோது

வவுட் வான் ஆர்ட் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதில் ஒரு தகராறுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. 2018-இல் அவர் பெல்ஜியத்தின் வெராந்தாஸ் வில்லெம்ஸ்-கிரெலான் என்ற சின்ன அணியில் இருந்தார். சைக்ளோகிராஸ் என்ற சேற்றுப் பந்தயத்தில் மூன்று முறை உலகச் சாம்பியன். ஒப்பந்தம் 2019 முடிய. அணியை நடத்திய நிறுவனம் ஸ்னைப்பர் சைக்ளிங். மேலாளர் முன்னாள் வீரர் நிக் நுயன்ஸ். அந்த அணி நெதர்லாந்தின் ரோம்பாட் அணியோடு இணையப்போகிறது என்ற செய்தி வந்தது. தனக்குத் தெரியாமலே தன் அணி வேறொன்றாக மாறுகிறது என்பது வான் ஆர்ட்டின் கோபம். செப்டம்பரில் ஒருதலையாக ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்.

அதாவது இங்கே மூன்று தரப்புச் சம்மதம் என்ற பாதையே இல்லை. "நீங்கள் செய்த தவறால் ஒப்பந்தம் முறிந்துவிட்டது, நான் சுதந்திரமானவன்" என்பது வீரரின் வாதம். "நியாயமான காரணமே இல்லை, நீ ஓடிப்போனாய், ஈடு கொடு" என்பது நிறுவனத்தின் வாதம். இதற்கு யூசிஐ விதிகள் மட்டும் போதாது. வேலை செய்யும் நாட்டின் தொழிலாளர் சட்டம் உள்ளே வந்துவிடும். வான் ஆர்ட் குளிர்காலம் முழுவதும் வேறொரு ஏற்பாட்டில் சைக்ளோகிராஸ் ஓட்டிவிட்டு, 2019 மார்ச் 1-இல் யும்போ-விஸ்மாவில் சேர்ந்தார். அந்த ஜூலையிலேயே டூரில் ஒரு கட்டம் (ஒரு நாள் ஓட்டம்) வென்றார். வழக்கு பின்னாலேயே வந்தது. முதல் நீதிமன்றம் வான் ஆர்ட் பக்கம். 2021 மே மாதம் ஆண்ட்வெர்ப் மேல்முறையீட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பியது: உடனடியாக விலகும் அளவுக்குக் காரணம் இல்லை, 6,62,000 யூரோ கொடு.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பணத்தில் தோற்றவர் வான் ஆர்ட். ஆனால் அவர் ஓட்ட விரும்பிய அணியில் ஓட்டினார். ஒரு நாள்கூட யாரும் அவரைத் திரும்ப இழுத்து வந்து பழைய ஜெர்சியை மாட்ட முடியவில்லை. நீதிமன்றம் ஈடு வாங்கிக் கொடுக்கும், ஆளை வாங்கிக் கொடுக்காது.

2023 டிசம்பர் 9 அன்று நடந்தது இன்னும் கூத்து. இருபது வயது பெல்ஜிய வீரர் சியன் உய்ட்டெப்ரூக்ஸ் எங்கள் அணிக்கு வருகிறார் என்று யும்போ-விஸ்மா அறிவித்தது. சிறிது நேரத்திலேயே போரா அணியிடமிருந்து மறுப்பு: அவர் 2024 முடிய எங்களோடுதான் ஒப்பந்தத்தில் இருக்கிறார். வீரர் தரப்போ, டிசம்பர் 1-லேயே அதை முறித்துவிட்டோம் என்றது. ஒரே ஆள், இரண்டு அணிகள், இரண்டும் எங்கள் ஆள் என்கின்றன. அதே ஆண்டு ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில், சக வீரர் அலெக்சாண்டர் விளாசோவோடு அணிக்குள்ளேயே முட்டிக்கொண்டு எட்டாவது இடம் பிடித்திருந்தார். பிளவு அங்கேயே தெரிந்தது. ஆண்டு முடிவதற்குள் சமரசமாகி அவர் விஸ்மாவுக்குப் போனார். இதில் ஒரு பாடம் உண்டு: அறிவிப்பை முதலில் போடுகிறவர் கை ஓங்கிவிடுகிறது. முகம் ஒருமுறை புது அணியின் பக்கத்தில் வந்துவிட்டால், பழைய அணிக்கு ஆளைத் திரும்ப எதிர்பார்ப்பதே அவமானமாகிவிடும்.

சில பிரிவுகள் பந்தயத்தின் நடுவிலேயே நடக்கும். 2021 வுவெல்டாவின் இருபதாவது கட்டம், அதாவது கடைசிக்கு முந்தைய நாள். மொத்தத்தில் மூன்றாவது இடத்தில் இருந்த மொவிஸ்டார் வீரர் மிகேல் ஆங்கெல் லோபஸ் முன்னணிக் குழுவைத் தவறவிட்டு, பொறுமை இழந்து, சைக்கிளைவிட்டு இறங்கிவிட்டார். அணி ஆட்கள் ரோட்டோரம் நின்று கெஞ்சியும் ஏறவில்லை. ஒரு மாதத்துக்குள் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. 2025 வுவெல்டாவில் ஹுவான் அயுசோ நேர்மாறு. 2028 வரை ஒப்பந்தம் இருந்த அவர் சீசன் முடிவில் விலகுகிறார் என்று யூஏஇ அணி முதல் ஓய்வுநாளில் அறிவித்தது. அறிவித்த நேரமும் விதமும் பிடிக்காமல் அவர் வெளிப்படையாகவே பொரிந்து தள்ளினார். அதற்குப் பிறகும் அதே ஜெர்சியில் அந்தப் பந்தயத்தில் ஒரு கட்டம் வென்றார். அடுத்து லிடில்-டிரெக்குக்குப் போனார். மனசு இல்லாதவன் மிதிக்க மாட்டான் என்று மேலே சொன்னதற்கு விதிவிலக்கும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் மேல்நோக்கித்தான் போகிறார்கள் என்றும் இல்லை. டாம் பிட்காக்குக்கு இனியோஸ் அணியோடு 2027 வரை ஒப்பந்தம். 2024 அக்டோபரில் லொம்பார்தியா பந்தயத்திலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டதை அவரே வெளியில் சொன்னார். டிசம்பரில் பிரிந்து, இரண்டாம் தட்டில் இருந்த கியூ36.5 அணிக்குப் போனார். அடுத்த ஆண்டே வுவெல்டாவில் மூன்றாவது.

அணியே விழுந்தால்

இதுவரை வீரர் முறிப்பதைப் பார்த்தோம். அணி முறிப்பதும் உண்டு, அங்கே நட்சத்திரங்களைவிடச் சாதாரண வீரர்களுக்குத்தான் அடி. 2003-இல் யான் உல்ரிச் சேர்ந்த கோஸ்ட் அணி சம்பளம் கொடுக்கத் திணறியது. யூசிஐ அணியை இடைநிறுத்தியது. பியாங்கி நிறுவனம் சீசன் நடுவிலேயே கைகொடுத்து அணியை எடுத்து நடத்த, உல்ரிச் அந்த ஜெர்சியில் டூரில் இரண்டாவதாக வந்தார். 2011-இல் வெற்றி எண்ணிக்கையில் யாரும் நெருங்க முடியாமல் இருந்த எச்டிசி-ஹைரோட், ஸ்பான்சர் கிடைக்காமல் கடையை மூடியது. நட்சத்திர வீரர் மார்க் காவென்டிஷ் அப்போது அங்கே இருந்தார். 2022 டிசம்பரில் அவர் போகவிருந்த பி அண்டு பி ஹோட்டல்ஸ் அணியும் புது சீசன் தொடங்கும் முன்பே கவிழ்ந்தது. ஜனவரியில் அஸ்தானா சேர்த்துக்கொண்டது. 2024-இல் அந்த ஜெர்சியில்தான் டூரின் 35-ஆவது கட்ட வெற்றி என்ற சாதனை. காவென்டிஷுக்கு யாராவது போன் எடுப்பார்கள். அதே அணியில் அவருக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கவிருந்தவருக்கு டிசம்பரில் எந்த அணியிலும் இடம் இருக்காது.

இதற்காகத்தான் அணிகள் யூசிஐயிடம் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். சம்பளம் நின்றால் வீரர்கள் அதிலிருந்து கேட்டு வாங்கலாம். முழுப் பாக்கியும் வராது, சில மாதங்களை ஓட்டலாம். மற்ற தகராறுகளுக்கு யூசிஐயின் நடுவர் மன்றம், அதற்கு மேல் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம், இல்லாவிட்டால் அந்தந்த நாட்டு நீதிமன்றங்கள்.

கடைசியாக, அதிகம் கவனிக்கப்படாத ஒரு பேர விஷயம்: புள்ளிகள். ஒரு காலத்தில் அணியின் உரிமத்தைத் தீர்மானிக்கும் கணக்கில், வீரர் சம்பாதித்த தரவரிசைப் புள்ளிகளும் அவரோடு புது அணிக்குப் போகும். அதனால் புள்ளிக்காகவே ஆள் பிடித்தார்கள். ஆசியப் பந்தயங்களில் புள்ளிகளைக் குவித்திருந்த ஈரான் வீரர் மெஹ்தி சொராபியை 2012-க்கு பெல்ஜியத்தின் லோட்டோ அணி எடுத்தது. இன்னொரு ஈரானியரான அமிர் சர்காரியை பிரான்சின் ஏஜி2ஆர். சொராபி ஒரே ஆண்டில் கிளம்பிவிட்டார். இப்போது கணக்கு மாறிவிட்டது. மேல்தட்டில் யார் இருப்பது என்பதை மூன்று ஆண்டுகளில் அணி சேர்த்த புள்ளிகள் தீர்மானிக்கின்றன; வீரர் எங்கே போனாலும் அவர் வாங்கிக் கொடுத்த புள்ளிகள் பழைய அணியின் கணக்கிலேயே கிடக்கும். அதனால்தான் பட்டியலின் விளிம்பில் இருக்கும் அணி, போகப்போகிறவர் என்று தெரிந்தும், ஒருவரை அக்டோபரின் கடைசிப் பந்தயம் வரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.